பயம் தெளிய வைப்பவள்

பிள்ளைகளுக்குப் பயம் தெளிய வைப்பதுதான் மேடம் என் வேலை. பல் டாக்டர் கிளினிக்கில் உதவியாளர். நாற்காலியில் ஏறமாட்டேன் என்று உதைக்கிற பிள்ளையை டாக்டர் என்னிடம்தான் ஒப்படைப்பார். "நீயாச்சு, இந்த வாலாச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அங்கே ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதல் தடவை வருகிற பிள்ளை வாசலில் அழுவதில்லை. ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு போன பிள்ளைதான், அடுத்த முறை கதவைத் திறந்து மருந்து வாசனை மூக்கில் ஏறியதுமே ஓவென்று அழும். ஊசி இன்னும் அலமாரியில்தான் இருக்கும். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் விவாகரத்து பெரிய ரகளை எதுவும் இல்லாமல்தான் முடிந்தது. என் மகள் குட்டி என்னிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் அப்பாவிடம் என்று தீர்ப்பு. அவர் கேட்டுக்கு வெளியே தெருவில் நிற்பார். நான் மாடி ஜன்னலில் நிற்பேன். குட்டி படியிறங்கி ஓடுவாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டமாட்டாள், என்னைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டாள். அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரமாட்டேன்.

அப்புறம் அவர் மறுபடி கோர்ட்டுக்குப் போனார். பிள்ளையை இன்னும் அதிக நாள் தன்னிடம் விடவேண்டும் என்று மனு. நான் வக்கீலம்மாவிடம் ஓடினேன்.

"தீர்ப்புதான் வந்துடுச்சே. அதை எப்படி மாத்த முடியும்?"

"பிள்ளை விஷயத்துல கடைசித் தீர்ப்புன்னு ஒண்ணும் கிடையாதும்மா. நிலைமை மாறியிருக்குன்னு காட்டுனா யார் வேணாலும் மறுபடி கேக்கலாம்."

"நான் அவளைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா?"

"கோர்ட்டைக் கேக்காம போனீங்கன்னா அது உங்க தலையிலதான் விடியும்."

"குட்டியையே கேப்பாங்களா?"

"ஏழு வயசு ஆச்சுல்ல, கேட்டாலும் கேப்பாங்க. அவ சொல்றபடியே செஞ்சாகணும்னு இல்ல. ஆனா அப்பாவைக் கண்டு பயப்படுறான்னு பட்டுச்சுன்னா நீதிபதி கண்டிப்பா யோசிப்பாரு. ஏன், பயப்படுறாளா?"

இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது மேடம். சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன். பள்ளிக்கூட வேன் வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடுவேன். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே மூச்சு முட்டும். பெரியவர்கள் பயம் லேசில் தெளியாது. பிள்ளைகள் பயத்தைத் தெளிய வைத்துவிடலாம், அது எனக்குக் கைவந்த வேலை. அதனால் என் பயத்தில் கொஞ்சத்தை அவளுக்குக் கொடுப்பது தப்பில்லை என்று தோன்றியது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் போடுவது ஒரே சென்ட். கடையில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கினேன். சனிக்கிழமை மத்தியானம் குட்டி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். கைக்குட்டையில் சென்ட்டைத் தெளித்து அவள் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்துவேன். அவள் திமிறி முழிக்கிற வரைக்கும்தான். உடனே கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அவள் அலறியதும் விளக்கைப் போட்டு, ஓடிவந்து வாரி எடுத்துக்கொள்வேன். "என்னடி கண்ணு, அப்பா ஞாபகம் வந்துடுச்சா?" என்று முதுகைத் தடவிக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் என் தோளிலேயே அடங்கிவிடுவாள். அந்த நேரம் எனக்கும் பயம் இருக்காது.

கைக்குட்டையை வீட்டில் வைத்தால் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று என் கைப்பையில், ஜிப் போட்ட சின்ன அறையில் வைத்திருந்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் பழையபடி அப்பாவிடம் ஓடத்தான் செய்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பொத்தினேன். "கண்ணு சொருகுது, ஆனா தூங்கப் பயப்படுறா" என்று அவள் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா வீட்டுக்குப் போய்வருகிறாள் அல்லவா, அதனால் இருக்கும் என்றேன். அவர் பாவம், உச்சுக்கொட்டினார்.

நீதிபதி நல்ல மனிதர். கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் அறையில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார். "முதல்ல எல்லாரும் பேசுவோம், அப்புறம் குட்டியும் நானும் மட்டும் ரகசியம் பேசுவோம்" என்றார். குட்டி நேரே போய் அப்பா மடியில் ஏறிக்கொண்டாள்.

"உங்க மேல ரொட்டி வாசனை வருதே" என்று நீதிபதி சிரித்தார்.

"பேக்கரிலேர்ந்து நேரா வர்றேன் சார். அங்க சென்ட்டு கிண்ட்டு எதுவும் போட விடமாட்டாங்க, மாவுல ஏறிடும்னு. நான் சென்ட்டைத் தொட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

பிரிந்த நாளிலிருந்து நான் அவர் பக்கத்தில் நின்றதே இல்லை மேடம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட்டில் நிற்கிறவர் மேல் என்ன வாசனை அடிக்கிறது என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தலை கிறுகிறுத்தது. குட்டிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பழகிய கை அந்த ஜிப்பைத் திறந்துவிட்டது. எந்தக் கைக்குட்டை என்று பார்க்காமல் எடுத்து அவள் மூக்கைத் துடைக்கப் போனேன்.

அவள் கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகால் விறைத்து, கட்டை மாதிரி ஆகிவிட்டாள். அவள் அப்பாவின் மடி நனைந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று நீதிபதி கேட்டார்.

"பேசாதீங்க. அசையாம இருந்தா அது போயிடும்."

"எதும்மா?"

"நான் தூங்கும்போது வருமே, அது."

நீதிபதி என்னிடம் கையை நீட்டினார். கைக்குட்டையைக் கொடுத்துவிட்டேன்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். எதையும் மறைக்கவில்லை. இப்போது அவள் அப்பாவோடு இருக்கிறாள், என்னைப் பார்க்கவும் விடமாட்டேன் என்கிறீர்கள். இருக்கட்டும். யாரோடு இருக்க உனக்குப் பிடிக்கும் என்று அந்தப் பிள்ளையைக் கேட்க நீதிபதிக்கு வாய்க்காமலே போய்விட்டது, எனக்கு இருக்கிற ஒரே குறை அதுதான். அதற்கான பதில் எனக்குத் தெரியும். நான் கைக்குட்டையை அவள் மூக்கிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு தடவையும் அவள் அலறிக் கூப்பிட்டது அம்மாவைத்தான். ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.