நாக்கில் குத்தும் ஊசி

பிள்ளைகளே, லவுட்டோக்காவிலிருந்து சவேனி போகும் பஸ்ஸில் என் காதில் விழுந்ததை எழுதுகிறேன். முன் சீட்டில் ஒரு அம்மாளும் அவருடைய கொழுந்தனாரும் இருந்தார்கள். நம் தீவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு சிட்னிக்குக் குடிபோன அந்த அம்மாள், தீமிதிக்கு நேர்ந்துகொண்ட மகனோடு வந்திருந்தார். கோயிலில் நேர்ந்துகொண்டவர்களுக்கு நாக்கில் ஊசி குத்துபவர் கொழுந்தனார்.

"எய்ட்ஸுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிறாங்க தம்பி. அது பலிக்குதான்னு பாக்க, என் கையில போட்டுக்க ஒத்துக்கிட்டேன்."

"மெதுவா பேசுங்க அண்ணி. பஸ்ஸுல நம்ம ஜனம் இருக்கு. வீட்டுல யாருக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க."

"யாருக்கும் வரல. அந்த மருந்துல நோயும் கிடையாது. அங்க ஆளுக்கு ஒரு புது ஊசி. நீ கோயில்ல எப்படிக் குத்துற?"

"ஒரே ஊசிதான். மஞ்சத் தண்ணியில கழுவிடுவேன். விரதம் இருக்கிற உடம்புல அதெல்லாம் ஒட்டாது."

"கிருமி விரதம் பாத்தா வரும்? ஒருத்தன் ரத்தம் ஊசியோட அடுத்தவனுக்குப் போகுது."



"நாளைக்கு உங்க பையனுக்குப் புது ஊசி எடுக்கிறேன்."

"மத்த பிள்ளைங்களுக்கு?"

"எல்லாருக்கும் எடுத்தா, எங்களைச் சந்தேகப்படுறியான்னு கேப்பாங்க. எந்த முகத்தோட நிப்பேன்?"

"அண்ணி சொன்னாங்கன்னு என் மேல போடு. நாட்டை விட்டு ஓடினவங்கன்னு ஏற்கெனவே பேசுறாங்க. இதையும் சேத்துப் பேசட்டும்."

அவர் தலை குனிந்துகொண்டார். அவர் பயந்தது என்னைப் போன்றவர்களின் வாய்க்குத்தான் என்று நினைக்க, எனக்கும் கூசியது.