அக்ரூட் மரத்தடிப் பதுங்குகுழி

குண்டு வரும் விசில் சத்தம். காலை ஆறு இருபது. அடுத்து வெடி.

"படுறா மச்சான்! படு!"

கத்துகிறவன் ரஃபி. சென்னையில் கீழ்க்கட்டளைக்காரன். நான் பக்கத்துச் சேலையூர். வடக்கே எல்லை மலைக்காட்டில் இருவரும் சிப்பாய்கள். எங்கள் குழிக்குப் பொறுப்பு குருசாமி அண்ணன். தேனிக்காரர்.

குழிக்கு வெளியே கிடக்கிறேன். வாயில் மண். தலைக்கு மேல் அக்ரூட் மரம். ஒரு இலை இல்லை. எதிர்மலைக்காரன் எங்களைப் பார்த்தே சுடுகிறான்.

அந்த இடத்தைக் காட்டியவன் நான். எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

ஜூலையில் போனோம். மேலே தேவதாருக் காடு. பாறை. தோண்ட முதுகு ஒடியும். கீழே அக்ரூட், வெயில் விழாத அடர்த்தி. இங்கேயே தோண்டலாம் என்றேன். அண்ணன் ஒப்புக்கொண்டார்.

அக்டோபரில் இலை மஞ்சளானது. கொட்டியது.

"இன்னா மச்சான், மரம் மொட்டையாய்க்கினு கீது! மேல பூடலாம்டா."

"பத்து நாள்ல துளிர்த்துடும்டா. நம்ம வூட்டு வேப்பமரம் துளிர்க்கல?"

மடையன் நான். மாசியில் உதிர்ந்து பங்குனியில் துளிர்க்கும் மரத்தைத் தவிர வேறென்ன கண்டேன்? அங்கே ஐந்து மாதம் மரம் வெறுங்கட்டையாக நிற்கும். எங்கள் அதிகாரிக்குத் தெரியும். அந்த மலையில் பிறந்தவர். வந்தார். அண்ணாந்து பார்த்தார். இடம் மாற்றலாமா என்று அண்ணன் கேட்டார். பனி விழட்டும், பார்க்கலாம் என்று ஜீப்பேறிப் போய்விட்டார். பனிக்கு முன்னால் குண்டு விழுந்தது.

இரண்டாவது வெடி. குருசாமி அண்ணனின் குரல் நின்றுவிட்டது. மூன்றாவது. ரஃபி வெளியே பாய்ந்து என்னைக் குழிக்குள் தள்ளுகிறான். நான் உள்ளே. அவன் வெளியே. நான்காவது.

இப்போது சேலையூரில், கேம்ப் ரோடு டீக்கடை. டிவியில் எல்லைச் சண்டை. "இன்னும் நாலு போடணும் சார், அப்பதான் அடங்குவானுங்க," என்கிறார் ஒருவர், பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே. கிளாஸை மேஜையில் அடித்து வைத்துவிட்டு வந்தேன். அவரோடு சண்டை போடவும் வெட்கமாக இருந்தது.

போனவை இவை. ரஃபி, வயது இருபத்தாறு. குருசாமி அண்ணன், முப்பத்தெட்டு. என் இடது காது. அதிகாரிக்குக் கீறல்கூட இல்லை. பதவி உயர்வு வந்தது.

போன மாதம் ரஃபியின் அம்மா கேட்டார்.

"அந்த எடத்த யாருப்பா பாத்து வச்சது?"

"ஆபீசர்தாம்மா," என்றேன்.

இல்லை அம்மா. நான்தான்.