முகத்துல நுரை இருக்கு, பேசாதீங்க

அட, தலைய ஆட்டாதீங்க சார், கத்தி பொல்லாதது. ஆமான்னா கண்ண ஒருதரம் மூடுங்க, இல்லன்னா சும்மா இருங்க. பத்திரிகையில கட்டுரை எழுதுறவரு நீங்கதானே? பாத்தீங்களா, மூடிட்டீங்க! உள்ள வந்தப்பவே நினைச்சேன். படத்துல மீசை இன்னும் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான்.

கன்னத்த உப்புங்க. ஆங்.

போன வாரம் நடைபாதையப் பத்தி எழுதியிருந்தீங்களே, அத இங்க சத்தமா படிச்சோம் சார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால எதிர்வீட்டுத் தையல்காரர் படிச்சாரு. பொதுவெளிங்கிறாரு, சமத்துவங்கிறாரு, இன்றியமையாமைங்கிறாரு, ரயில் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. முடிச்சதும் எல்லாரும் ஆகா, பிரமாதம்னாங்க. என்னய்யா பிரமாதம்னு கேட்டேன். கேள்வித்தாளப் பாத்த பிள்ளைங்க மாதிரி கூரையப் பாக்குறாங்க!

சிரிக்காதீங்க சார், உதட்டுக்குக் கீழ வந்திருக்கேன்.

எனக்கு மனசு கேக்கல. தையல்காரர மறுபடி படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியா உரிச்சுப் பாத்தோம். உள்ள இருந்தது இவ்வளவுதான். நடக்குற பாதைய அடைச்சுக் கடை போட்டிருக்காங்க, எடுக்கணும். அடப்பாவி மனுஷா, இத முதல்லயே சொல்லக் கூடாதா? கோவிச்சுக்காதீங்க. கத்தி என் கையில இருக்கிறப்ப யாராவது கோவிப்பாங்களா?

புரியாதவரைக்கும்தான் எழுதுனவரு மகான், புரிஞ்சா ஊரே அவரு மேல பாயும்னு கணக்குப் போட்டேன். ஆமா, குசும்புதான். முடி வெட்ட வந்தவங்க எல்லார்கிட்டயும் உடைச்சுச் சொன்னேன். அப்பத்தான் சார் சண்டையே ஆரம்பிச்சுது! பழக்கடைக்காரர் கடையெல்லாம் எங்க போகும்னு குதிக்கிறாரு. தையல்காரர் விடல. மாமியாரோட சக்கர நாற்காலிய நடுரோட்டுலதான் தள்ளிக்கிட்டுப் போறேன், அன்னைக்கு லாரி உரசிட்டுப் போச்சு, உன் பழம் பெருசா அந்தம்மா பெருசாங்கிறாரு. பாதி வெட்டுன தலையோட ஒருத்தன் எழுந்து நின்னு பேசுறான், நான் கத்தரிக்கோலோட அவன் பின்னாலயே சுத்துறேன்.

கடைசியில முக்கால்வாசிப் பேரு உங்க பக்கம் சாஞ்சுட்டாங்க. என் வீட்டுக்காரியே சாப்பாடு போட்டுக்கிட்டே சொல்றா, அவரு சொல்றது நியாயந்தாங்கன்னு. அது எப்படி இருக்கு!

இந்தாங்க துண்டு. போறப்ப படியப் பாத்து இறங்குங்க, அது நடைபாதையில நீட்டிக்கிட்டு இருக்கு. படி மட்டுமா, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியும்தான். நீங்க எடுக்கச் சொன்ன வரிசையில முதல் கடை இதுதான் சார்.

அட, கழுத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு, துள்ளாதீங்க.

எதுத்துப் பேசலாம்னு பாத்தா, தையல்காரர் மாமியார் முகம் வந்து முன்னால நிக்குது. அதனால அடுத்த வாரம் இன்னொண்ணு எழுதுங்க. இந்த நாற்காலிய நான் எங்க தூக்கிக்கிட்டுப் போறது? அதையும் நாலு பேரு பேசட்டும். தையல்காரர் இல்லாம, நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி எழுதுங்க.

ஆச்சு. இப்ப நீங்க பேசலாம்.