கரடிப் படம் போட்ட நைட்டி

அய்யோ, திரும்பிப் போயிராதீங்க. ஊடு இதேதானுங்க. பூங்குழலிக்கு அப்பன் நாந்தானுங்க, நஞ்சப்பன். நான் நைட்டி போட்டிருக்கறதப் பாத்துட்டு ஊடு மாறிருச்சுன்னு நெனச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது. உக்காருங்க சம்பந்தி. அந்தக் கல்லு மேல வேண்டாம், கோழி பேண்டு வெச்சிருக்குது. இக்கட்டால சேர்ல உக்காருங்க. சம்பந்தின்னு இப்பவே கூப்புடக் கூடாதுங்களா? செரிங்க.

உங்களத் தப்புச் சொல்ல மாட்டனுங்க. பையனோட அப்பன் சொல்லாமக் கொள்ளாம வந்து பொண்ணூட்டப் பாத்துட்டுப் போறது நம்ம பக்கத்து வழக்கந்தானுங்க. எந்தங்கச்சியக் குடுக்கறப்ப நானே சோமனூர்ல மாப்ள ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில போயி நின்னவன். ஆனா அங்க மாப்ளைக்கு அப்பன் லுங்கி கட்டியிருந்தாரு. அத உடுங்க.

நெஞ்சுல கரடிங்களா? ஆமாங்க, கரடிதான். பிரிண்ட்டு நவுந்து ரெண்டு கண்ணும் கன்னத்துக்கு வந்துருச்சு, அதுனால ரிஜெக்ட்டு. எங்கூட்டுக்காரி மயிலாளு பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தா, அங்கிருந்து கொண்டாந்தது. வெள்ளக்காரிக்குத் தெச்ச சைசு, எனக்கே தொளதொளங்குது. உள்ளுக்கு வேட்டி இருக்குதுங்க, பயப்படாதீங்க.

எல்லாம் இந்தக் கோழியாலதானுங்க. மயிலா பொழுதோட இதப் போட்டுக்கிட்டுத்தான் பா பா பான்னு கூப்புட்டுக் கூண்டுல அடைப்பா. அவ செத்ததுக்கப்பறம் நான் கூப்புட்டா ஒண்ணு வரோணுமே? அத்தனையும் முருங்கமரத்து மேல. மரநாய் ரெண்டத் தூக்கிருச்சு. முட்டையும் ஊட்டுல உடலீங்க. பக்கத்துக் குடோன்ல கட்டிங் வேஸ்ட்டுத் துணி மூட்டைக்குள்ள போயி ஒருத்தி அடகாக்க உக்காந்துட்டா. அவிங்க பாக்காம வாயக் கட்டி லாரில ஏத்திட்டாங்க. உடுமலப் பக்கத்து நூல் மில்லுல மூட்டைய அவுத்தா, முட்டைமேல எங்கூட்டுக் கோழி! நாங்க பஞ்சு கேட்டமா, பிரியாணி கேட்டமான்னு மில்லுக்காரரு போன்ல கத்துறாரு.

ஒருக்கா அவ துணியெல்லாந் தொவச்சுக் கொடில போட்டனுங்க. திரும்பிப் பாத்தா இந்த நைட்டிக்கு அடியில அத்தன கோழியும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது, ரேசன் கடைல நிக்கறாப்ல. அன்னைக்கு மாட்டுனதுதானுங்க. பா பான்னன், நேராக் கூண்டுக்குள்ள.

புள்ள வையத்தான் செய்யறா. மாப்ள ஊட்டுல பாத்தா கண்ணாலம் நின்னு போயிரும்ப்பாங்கறா. நீங்க ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா சட்டை போட்டிருப்பனுங்க. இப்பக் கழட்டிர்றேன், இதுக அடஞ்சிரட்டும்.

ஏனுங்க? இந்த வெடக்கோழியா? போன தையில அவிநாசிச் சந்தைல குஞ்சா வாங்குனது, இப்பத்தான் முட்ட உட்டுப் பழகுது. பழசுகளா? அதெல்லாம், பறவக்காச்சலு பறவக்காச்சலுன்னு டிவில சொல்லிட்டிருந்தாங்களே, அந்த வருசமே வெள்ளக்கழிச்சல் நோவுல போயிருச்சுங்க.

அட, செரியாப் புடிச்சுட்டீங்க. ஆமாங்க, இதுக ஒண்ணுகூட மயிலாளப் பாத்ததில்ல. கோமணத்தக் கட்டிக்கிட்டுக் கூப்புட்டாலும் வந்துருமுங்க.

அப்பறம் எதுக்குங்களா?

செவுத்துக்கு அக்கட்டால ராமாயக்கா இருக்கறாங்க. கண்ணுல பொறை, மொகம் தெரியாது. நெனப்பும் இல்ல, மயிலா செத்ததச் சொன்னாலும் மனசுல நிக்கறதில்ல. பொழுதோட எட்டிப் பாத்து இந்த நைட்டியோட ஆரஞ்சுக் கலரு தெரிஞ்சாப் போதும், மயிலா, ரெண்டு முட்ட குடு அம்மிணின்னு கேப்பாங்க. குடுப்பனுங்க. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட வேற ஆரு இருக்கறாங்க?

கண்ணாலத்துக்கு மிந்தி இத உட்டுரோணுமுங்களா? நாயந்தானுங்க. நாளைக்கு நாலு சனம் வந்து போற ஊடு. புள்ள வாழ்க்கைய விடவா? செரிங்க, இன்னையோட...

கேட்டுச்சுங்களா? ராமாயக்காதான் கூப்புடறாங்க. சித்த இருங்க.

இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. அந்த முட்டக் கூடை உங்க கைக்கிட்டத்தான் இருக்குது. ரெண்டு எடுத்துக் குடுக்கறீங்களா? பெருசாப் பாத்துங்க.

நல்லதுங்க சம்பந்தி.

மயிலாதானுங்க்கா, வந்துட்டேன்.