கையைப் பிடித்து இருத்தாதவர்கள்

தேத்தண்ணி வேண்டாம் என்று நான் சொன்னதும் நீங்கள் உடனே கோப்பையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் வெளியூர். எங்கள் கிண்ணியாவில் ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொரு தரம் கேட்க வேண்டும். அப்போதும் வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் கோப்பையைக் கையிலேயே திணித்துவிட வேண்டும். வந்தவர் போக எழும்பினால் கையைப் பிடித்து இருத்த வேண்டும். இந்தச் சின்ன மரியாதை தெரியாததால்தான் இவ்வளவும் நடந்தது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐஸ் பக்டரி ஸெய்னுதீன் ஹாஜியார். ஊரே கால்பந்துக்குப் பின்னால் ஓடியபோது எல்லே அணி ஒன்றை வைத்து நடத்திய பைத்தியக்காரன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவருகிற விளையாட்டு. இதே போன்ற ஒன்றை அமெரிக்காக்காரர் தொப்பி போட்டு விளையாடுகிறார்கள்; அங்கே அணி வைத்திருப்பவர் தும்மினாலும் தொலைக்காட்சியில் காட்டுவார்களாம். என்னை யாரும் காட்டவில்லை. ஆனாலும் மூதூரிலிருந்து கப்பல்துறை வரை எந்தத் தேத்தண்ணிக் கடையில் என் பெயரைச் சொன்னாலும் ஒரு கதிரை இழுத்துப் போடுவார்கள். அணிக்குத் 'துறைமுக நட்சத்திரம்' என்று அழகாகப் பெயர் வைத்தேன். சனம் 'ஐஸ் பக்டரி' என்றுதான் கூப்பிட்டது.

யார் விளையாடுவது, யார் முதலில் அடிப்பது, யார் என்ன சாப்பிடுவது, யார் எந்த வீட்டில் கலியாணம் முடிப்பது, எல்லாம் நான்தான் தீர்மானித்தேன். சர்வாதிகாரம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் அடுத்த ஆட்டத்தில் விளையாடவில்லை. அந்தக் கதையும் தானாக நின்றுவிட்டது.

ஒரு வேலையை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு தடியையும் நானே எடுத்து, காதுக்குக் கிட்டப் பிடித்து, மடக்கிய விரல் மொழியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல மூங்கில் கணீர் என்னும். உள்ளே வெடித்ததென்றால் தொண்டை கட்டியவன் மாதிரிப் பேசும். வெடித்த தடியால் ஓங்கி அடித்தால் சிலாம்பு பறக்கும், யார் முகத்தில் ஏறும் என்று சொல்ல ஏலாது. அதனால் நான் தட்டிக் கொடுக்காத தடியைப் பொடியன்கள் தொடமாட்டார்கள்.

போன வருடம் என் நெஞ்சில் ஏதோ குழாய் வைத்தார்கள். ஓய்வெடுங்கள் என்றார் டொக்டர். என் மனைவி நஜ்முன் நிஸா அதையே காலையும் மாலையும் சொன்னாள். சரி, ஒரு தரம் சொல்லித்தான் பார்ப்போமே என்று பரிசளிப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். இன்றிலிருந்து நான் ஒதுங்கிக்கொள்கிறேன், மருமகன் முனீப் பொறுப்பெடுப்பார் என்றேன். சொல்லிவிட்டு நின்றேன்.

யாராவது எழும்பி, நீங்கள் இல்லாமல் ஏலாது ஹாஜியார் என்று சொல்ல வேண்டிய இடம் அது. கைதட்டினார்கள். கொஞ்சம் நீளமாகவே தட்டினார்கள். மைக் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். எங்கள் முதல் அடிகாரன் ஸாஜித் விசிலடித்தான். முனீப் மேடையேறி வந்து என் கையைப் பிடித்தான். இருத்தத்தான் போகிறான் என்று நினைத்தேன். குலுக்கிவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டான்.

அவன் கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் மருமகன்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டை மகள் மின்ஹாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால், அவன் என் வீட்டில் இருந்தான் என்பதைவிட நான் அவர்கள் வீட்டில் இருந்தேன் என்பதே சரி. தொழுகை தவறமாட்டான். மின்ஹாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தான். எனக்கு மாத்திரை எடுத்துத் தருவதும் அவன்தான்.

ஆனால் ஒதுங்கினேன் என்று சொன்னால் ஒதுங்கியே இருக்க வேண்டும் என்று நம்புகிற ரகம். நான் கொடுத்துவந்த புரியாணியை நிறுத்தி வாழைப்பழமும் அவித்த முட்டையும் கொடுத்தான். யார் முதலில் அடிப்பது என்று பொடியன்களிடமே கேட்டான். எனக்கு நிழலில் ஒரு கதிரை, தலைக்கு ஒரு தொப்பி. ஒருநாள் பழக்கதோசத்தில் தடியொன்றை எடுத்துத் தட்டினேன். முனீப் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினான்.

"மாமா, இனி நீங்க ஒண்டையும் யோசிக்க வேணாம். தடியெல்லாம் நாங்களே பாக்குறம். நீங்க கதிரையில இருந்து பாத்தாக் காணும்."

எனக்கு அழுகை வந்தது. கோபம் பிறகுதான் வந்தது. தடியை அவர்கள் என்ன பார்த்தார்கள்? வெளியே கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் மாதிரி. யாரும் தட்டவில்லை. அப்படியிருந்தும் வென்றார்கள். ஆடிய ஆட்டமெல்லாம் வென்றார்கள். தோற்றிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

கப்பல்துறையில் அரையிறுதி. அரையிறுதியென்றால் ஆட்டம் தொடங்குமுன் அணிப் பொறுப்பாளர் சும்மா ஒரு பந்தை அடித்துவைப்பது நான் கொண்டுவந்த வழக்கம். அதற்கென்றே ஒரு தடி என் அறையில் தொங்கியது. வெருகல் ஆற்றோரம் நானே பார்த்து வெட்டுவித்த மூங்கில். அன்று காலையில் முனீப் என் அறை வாசலில் வந்து நின்றான். புதுத் தடி வாங்க அவனுக்கு ஏலாமல் இல்லை. "மாமா, உங்கட தடியால அடிக்கட்டா?" என்று கேட்டான். ஆசையோடுதான் கேட்டான்.

எடுங்கள் மகன் என்றேன்.

பந்து நல்ல தூரம் போனது. அதை மறைக்கக் கூடாது. தடி நீளவாக்கில் கிழிந்து ஒரு சிலாம்பு அவன் வலக் கண்ணில் ஏறியது. நான் கதிரையில் இருந்து பார்த்தேன். அப்படித்தானே சொல்லியிருந்தார்கள்.

கண்ணைக் காப்பாற்ற ஏலவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்தவன் என் குரல் கேட்டதும், இனித் தடிகளை நீங்களே பாருங்கள் மாமா என்றான். நான் மாட்டேன் என்றேன். இன்னொரு தரம் கேட்டான். எனக்கு வயது போய்விட்டது என்றேன். மூன்றாம் தரம் அவன் தடவித் தடவி என் கையைப் பிடித்து, கட்டிலில் இருத்தினான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு கண் போனால் என்ன, பிள்ளை மரியாதை படித்துவிட்டான். அணியின் நன்மைக்காக ஒப்புக்கொண்டேன்.

அத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மின்ஹா உடைந்த தடியை எங்கிருந்தோ எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பிடிக்குமேல் புதுத் துணி சுற்றியிருந்தது. நான் இடக் கைக்காரன், என் சுற்று மறுபக்கமாகப் போகும். சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியவள்.

"வாப்பா, இந்தத் துணியச் சுத்தினது நீங்கதானே?"

"ஓம் மகள்."

"உள்ளுக்கு வெடிச்சிருந்தது தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"என்னட்ட ஆரு கேட்ட?"

அவள் அழவில்லை. ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டு, என்னை ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கினாள். என் மாத்திரைப் பையை மட்டும் மறக்காமல் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் என் மகள், எனக்கு அது வலித்தது.

வெடித்த தடி என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை, அதுதான் குற்றம் என்று அவள் நினைக்கிறாள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள் போல. அதைத் திருத்திவிடுங்கள். பிழையாக ஒன்று எழுதியிருந்தால் எனக்குக் கையெழுத்து வைக்க மனம் வராது. அந்தத் தடி வெடித்திருக்கவில்லை. முந்தின நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து தட்டிப் பார்த்தேன், கணீர் என்றது. அதைப்போல ஒரு தடி எனக்கு வாய்த்ததேயில்லை. கிணற்றுக் கட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். தட்டிப் பார்த்தேன், இன்னும் நல்ல சத்தம்தான். திரும்ப அடித்தேன். தொண்டை கட்டும் வரைக்கும் அடித்தேன். பிறகு கீறல் தெரியாமல் துணியைச் சுற்றி, இருந்த ஆணியிலேயே தொங்கவிட்டேன். அவன்தான் அடிப்பான் என்பது எனக்குத் தெரியும். மூங்கிலை நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? இங்கேயா? ஒரு சின்ன உதவி ஐயா. சனிக்கிழமை இறுதிப் போட்டி. ஸாஜித்தை முதலில் அடிக்க விட வேண்டாம் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கடற்காற்று அவனுக்கு ஒத்துவராது. தடிகளை இங்கே கொண்டுவந்தால் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தே தட்டிப் பார்த்துக் கொடுப்பேன். மற்றப்படி அந்த அணிக்கும் எனக்கும் என்ன இருக்கிறது, நான்தான் எப்போதோ ஒதுங்கிவிட்டேனே.