சொதி என்று பதில் சொன்னவர்கள்

மதியம் ஒன்றரைக்கு மேல் சாப்பிட்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் எஸ்றா. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வாய்க்கால் என்ற கணினி நிரல் மொழியை எழுதியவன். முதல் பதிப்பை என் மனைவி கெசியாவும் நானும் சேர்ந்து எழுதினோம். இரண்டாம் பதிப்பை நான் மட்டும் எழுதினேன். இடையில் கெசியா இறந்துவிட்டாள். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

வாய்க்கால் பயனர் சங்கம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, இந்த மொழியை நம்பி ஓடும் நாற்பத்துமூன்று இடங்களும் நின்றன. சீவலப்பேரி எடை மேடையில் பதினோரு நெல் லாரி. மேலப்பாளையத்தில் ஆட்டோ முன்பதிவு. வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆள் கூப்பிடும் திரை. அங்கே முதல் பந்தி எழுந்திருக்கவில்லை. இரண்டாம் பந்தி அவர்களுடைய நாற்காலிக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நின்றது. வருந்துகிறேன்.

வாய்க்கால் எளிய மொழி. கட்டளைகளின் தொகுப்புக்கு மடை என்று பெயர். திற என்றால் ஓடும், அடை என்றால் நிற்கும். ஆற்றுப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். பிழைச் செய்திகளை மட்டும் கெசியா எழுதினாள். மடையை அடைக்க மறந்தால், 'தொறந்து போட்டுட்டு எங்கன போறிய, வீடெல்லாம் தண்ணி' என்று வரும். இல்லாத பெயரைக் கூப்பிட்டால், 'அப்படி யாரும் இங்கன இல்லயே, பக்கத்து வீட்டுல கேளுங்க' என்று வரும். மொத்தம் இருநூற்றுப் பதினாறு.

ஆட்டோ முன்பதிவை எழுதியவர் நூகு. சங்கத்தின் செயலாளரும் அவர்தான். போன வருடம் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா எடுக்காதயும் வே. சவாரிக்கு வந்தவரு முன்னால மிசின் என்னைய ஏசுது. அதுக்குப் பதிலா பிழை ஒண்ணு, பிழை ரெண்டுன்னு நம்பர் போட்டுரும். அடுத்த பதிப்பாவது சுத்தமா இருக்கட்டும்."

"அது கெசியா எழுதினது."

"தங்கச்சி எழுதுனதுதாம், யாரு இல்லன்னா? அதுக்காவ காலம் பூரா ஏச்சு வாங்க முடியுமாவே?"

கோரிக்கை நியாயமானது. சங்கத்தில் வாக்கெடுப்பு நடந்தது. எண்களுக்கு ஆதரவாக நாற்பத்துமூன்று பேர், எதிராக ஒருவர். அந்த ஒருவர் நான் என்று நினைக்க வேண்டாம். நான் எண்களுக்குத்தான் கை தூக்கினேன். எதிர்த்தவர் எடை மேடையைப் பார்க்கும் உலகம்மாள். "ஏசுனா ஏசிட்டுப் போகுது, ஒரு பொம்பளப்பிள்ள கூட இருக்க மாதிரி இருக்கு" என்றார். அதை யாரும் குறிப்பில் எழுதவில்லை.

இருநூற்றுப் பதினாறையும் நான்கு நாளில் எண்களாக மாற்றினேன். சுத்தமாக இருந்தது. எடுத்த இடத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் ஒரே ஒரு புது வசதி வைத்தேன். மதியம் ஒரு மணிக்கு மேல் எந்த நிரல் ஓடினாலும் ஒரு நிமிடம் நின்று, 'சாப்ட்டியளா?' என்று கேட்கும். வேலை செய்பவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்ற பொது நோக்கம்தான். கெசியா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் ஒரு மணிக்குப் போன் செய்து இதைக் கேட்பாள் என்பது தற்செயல்.

எல்லாரும் ஆம் என்று தட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு 'என்ன கறி?' என்பதைச் சேர்த்தேன். மூன்று நாள் தொடர்ந்து ரசம் என்று வந்தால், 'பொய் சொல்லுதிய' என்று மடையை அடைத்துவிடும். நோன்பு மாதத்தை மறந்தது என் தவறு. "நோம்பு நேரத்துல சாப்ட்டியளான்னு கேட்டா என்னத்தவே சொல்ல?" என்று நூகு போனில் சத்தம் போட்டார். அன்றே திருத்தினேன். நோன்பு என்ற பதிலையும் மொழி ஏற்றுக்கொண்டது. 'சஹருக்கு என்ன சாப்ட்டிய?' என்று விடியலுக்கு முந்தின சாப்பாட்டை மட்டும் கேட்டது.

அப்புறம் எல்லாரும் சொதி என்று அடிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் இங்கே தேங்காய்ப்பால் சொதிதான். சொதி சாப்பிட்டேன் என்பவரிடம் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. மொழி விசாரித்தது. 'யார் வீட்டுக் கல்யாணம்?' என்றது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் இரண்டும் தர வேண்டும். தந்தார்கள். இரண்டு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கல்யாணம். நூகு அவசரத்தில் ஒன்பது முறை தன் பெயரையே மாப்பிள்ளையாக அடித்திருந்தார். ஒன்பது பெண்கள். பட்டியல் எப்படியோ அவர் மனைவி அர்ஷியாவின் கைக்குப் போய்விட்டது. அனுப்பியவன் நான். பெயர்கள் சரியா என்று தெரிந்தவரிடம் கேட்பதுதான் முறை.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமே என்பீர்கள். முடியாது. இரண்டாம் பதிப்பு ஏறும்போதே முதல் பதிப்பை அழித்துவிடும். இரண்டும் இருந்தால் குழப்பம் வரும் என்று அப்படி எழுதினேன். முதல் பதிப்பின் ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. அதைத் தர இயலாது.

இனி செவ்வாய்க்கிழமை.

உலகம்மாள் ஒருவர்தான் முதல் நாளிலிருந்து உண்மையே சொன்னார். புளிக்குழம்பு. கத்திரிக்காய். பழைய சோறு. அன்று ஒன்று பத்துக்கு அவர் அடித்தது இது: 'ஆச்சு தாயி, அவியலும் சோறும். நீ சாப்ட்டியா?'

யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று நான் வடிவமைக்கவில்லை. எல்லாருடைய பதிலும் ஒரே மடை வழியாக என் வீட்டுக் கணினிக்கு வரும். மொழிக்குப் புரியாத ஒன்று முன்னால் நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். அந்தக் கேள்வி என் திரையில் நின்றது. நான் ஒரு சொல் அடித்தால் நாற்பத்துமூன்று இடமும் ஓடும். அடிக்கவில்லை.

மூன்றரைக்கு நூகு வந்து கதவைத் தட்டினார்.

"கதவத் தொறயும் வே. மண்டபத்துல மாப்பிள்ளையே ஒரு நாக்காலிக்குப் பின்னால நிக்கான். சாப்ட்டேன்னு ஒரு சொல்லு அடிச்சு விட்டா என்ன கொறஞ்சிரும்?"

"தெரியல" என்றேன்.

"என்னது தெரியல?"

"அவ சாப்ட்டாளான்னு."

அதற்கப்புறம் நூகு தட்டவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்.

கெசியா கடைசியாகப் போன் செய்ததும் ஒரு மணிக்குத்தான். சாப்ட்டியளா என்றாள். ஆச்சு என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை, ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் திரும்பக் கேட்கவில்லை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வேறொருவர் போன் செய்தார். அவளுடைய சாப்பாட்டு டப்பாவை மறுநாள் கழுவிக் கொடுத்தார்கள். அதனால் தெரிந்துகொள்ள வழியில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நான்கு பத்துக்குப் பதில் அடித்தேன். 'ஆச்சு.'

மொழி என்னையும் விடவில்லை. 'என்ன கறி?' என்றது. சொதி என்றேன். 'யார் வீட்டுக் கல்யாணம்?' என்றது. மாப்பிள்ளை எஸ்றா, பெண் கெசியா என்று அடித்தேன். மடை திறந்தது. பிழை எதுவும் வரவில்லை.

நாற்பத்துமூன்று இடங்களையும் நிறுத்தியவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். சங்கம் கேட்டபடி கல்யாணப் பட்டியலையும் அன்றே சுத்தம் செய்துவிட்டேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு பொய்களையும் அழித்தாயிற்று, இப்போது அதில் உண்மையான ஒன்று மட்டும் இருக்கிறது.