நாற்காலிக்கு அடியில் மோர்

விழாவுக்குத் தலைமையேற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் வணிகர் சங்கத் தலைவர், மரியாதைக்குரிய தாணுலிங்கம் அண்ணாச்சி அவர்களே, சந்து வாசலில் கட்டிய புது வளைவைத் திறந்துவைத்து, வெட்டிய ரிப்பனின் ஒரு துண்டை இன்னும் விரலில் சுற்றிக்கொண்டிருக்கும் வார்டு கவுன்சிலர் ரதீஷ் அவர்களே, ஆரியசாலையில் தராசு பிடித்துத் தழைத்த பெரியோர்களே, மூட்டை சுமந்து முதுகு தேய்ந்த தோழர்களே, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே, எல்லாருக்கும் பின்னால், எப்போதும் போல எல்லாருக்கும் பின்னால், கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, சகோதரிகளே, உங்கள் அனைவரையும் இந்த உப்புக்கடைச் சந்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் ஸ்ரீலட்சுமி வணங்குகிறேன்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். பொங்கல் விழாவா, ஓணக் கொண்டாட்டமா, பணி நிறைவுப் பாராட்டா, "ஸ்ரீலட்சுமியக் கூப்புடுங்க டேய், நாலு வார்த்தை நல்ல தமிழ்ல பேசுவா" என்று அண்ணாச்சி ஆளனுப்புவார். நானும் வருவேன். வாழ்த்துவேன். பொன்னாடையை வாங்கி மடித்துக்கொண்டு பஸ் பிடிப்பேன். இன்றும் வாழ்த்தத்தான் வந்தேன்.

வாழ்த்துகிறேன். வானம் பார்த்து நிற்கும் இந்த வண்ண வளைவை வாழ்த்துகிறேன். இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில்களை வாழ்த்துகிறேன். மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் சந்தின் பெயரைச் செதுக்கிய சிற்பியை வாழ்த்துகிறேன். வளைவு உயரம் குறைந்துபோனதால் சரக்கு லாரி உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நிற்கிறதே, அந்த லாரியையும் சேர்த்து வாழ்த்துகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பைப் பற்றித்தான் இன்று நான் பேச வேண்டியிருக்கிறது.

மேடையில் நிற்பவருக்கு ஒரு வசதி உண்டு. கீழே இருப்பவர்களுக்கு மேடை மட்டும்தான் தெரியும். மேடையிலிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும். சற்று முன்னால் எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட அருமையான மோர். இந்த வெயிலுக்கு அமுதம். முன்வரிசைகளைப் பார்க்கிறேன். அத்தனை டம்ளரும் காலி. இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. கடைசி வரிசைகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு டம்ளர், வாங்கியபடியே, நிறைந்தபடியே, அப்படியே இருக்கிறது.

ஏன் தாய்மார்களே? மோர் புளிக்கிறதா? உப்புக் கரிக்கிறதா? காலையிலிருந்து இந்தப் பந்தலில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறீர்களே, தாகம் எடுக்கவில்லையா? இல்லை, எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்தச் சந்தில் கடைகள் உண்டு, சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள் உண்டு, வங்கி உண்டு, இப்போது வளைவும் உண்டு. பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது.

அண்ணாச்சி, முகத்தைத் திருப்ப வேண்டாம். மங்கலமான மேடையில் இந்தப் பேச்சா என்று நினைக்கிறீர்கள். மங்கலமான இடத்தில் பேசக்கூடாது, கடையில் பேசக்கூடாது, சபையில் பேசக்கூடாது என்றால், நாங்கள் வேறு எங்கேதான் போய்ப் பேசுவது?

கரமனையிலிருந்தும் நேமத்திலிருந்தும் பாலராமபுரத்திலிருந்தும் காலை பஸ்ஸில் வருகிறோம். விளக்கு வைத்த பிறகு திரும்புகிறோம். இடையில் என்ன செய்வோம்? தண்ணீர் குடிக்காமல் இருப்போம். அதுதான் எங்கள் ஏற்பாடு. காலையில் அரை டம்ளர் காப்பி. மத்தியானம் சோற்றைத் தொண்டை நனையாமல் விழுங்குவோம். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தால், தராசு பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் தாகத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கிறோம். கிழக்கேகோட்டைக்குப் போனால் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. போக ஒரு நடை, வரிசையில் ஒரு நிற்பு, வர ஒரு நடை. திரும்பி வந்தால் முதலாளி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் நாங்கள் போக மாட்டோம்.

பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், "கவுன்சிலர்ட்ட சொல்லலாம்லா?" என்று. நல்ல கேள்வி. சொல்லலாம். சொல்வதற்கு ஒரு நாளும் கொடுத்தார்கள். அந்த நாளின் கதையைத்தான் கேட்க வேண்டும் நீங்கள்.

போன ஆண்டு, இந்தச் சங்கத்தின் மாடியில் வார்டு சபை கூடியது. சந்தில் வேலை செய்கிறவர்களும் வரலாம், கை தூக்கலாம் என்று கவுன்சிலர் சொல்லி அனுப்பியிருந்தார். ரதீஷ் அவர்கள் நல்லவர். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று ஓடை அடைப்பை எடுக்கச் சொன்னவர். அவரை நான் குறை சொல்லவில்லை. மகளுக்குப் பரீட்சை என்று அன்று நான் வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

கவுன்சிலர் எழுந்து சொன்னாராம், "இந்த வருஷம் ஒரு வேலை மாத்திரமே செய்யான் பற்றும். எது வேணும்னு நிங்கள்தான் பறயணும்." ஒரு வேலைதான் செய்ய முடியும், எது என்று சபையே சொல்லட்டும் என்று. முன்னால் முதலாளிகள். பின்னால் தொழிலாளிகள். அதற்கும் பின்னால் பெண்கள். முதலில் வளைவு. முதலாளிகள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பெண்களும் தூக்கினார்கள். ஆம், சகோதரிகளே, நீங்களும் தூக்கினீர்கள். மயிலுக்கு நீங்களும் கை தூக்கினீர்கள்.

அடுத்து, பழைய உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் மூலையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. நம் ஊர்ப் பேச்சில், மூத்திரப்புரை. வேணும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் கவுன்சிலர்.

சபை நிறைய ஆண்கள். படியளக்கும் முதலாளி. கூட வேலை செய்யும் பையன்கள். எதிர்க்கடைக்காரர். இத்தனை பேர் பார்க்க, எனக்கு மூத்திரம் வருகிறது என்று எந்தப் பெண் கையைத் தூக்கிச் சொல்வாள்? நம்மை வளர்த்தவர்கள் அப்படியா வளர்த்தார்கள்? பசிக்கிறது என்று சொல்லவே கூச்சப்பட்டவர்கள் இல்லையா நாம்?

ஒரே ஒரு கை உயர்ந்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் உலகம்மை அக்கா. மிளகாய்ப்பொடி பொட்டலம் கட்டிக் கட்டி உள்ளங்கை சிவந்துபோனவர். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான் தூக்கிட்டேன் கேட்டியா. திரும்பிப் பாத்தா ஒருத்தியும் தூக்கல்ல. கீழ போட்டா அதுவும் நாணக்கேடு. அதனால அப்படியே நின்னேன் பாத்துக்கோ."

அப்போது ஒருவர் பேசினார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் மேடையில் இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்றும் சொல்ல மாட்டேன். "என்ன ஓய், உலகம்மைக்கு மாத்திரம் ஒண்ணு கெட்டிக் குடுக்கணுமா?" என்றார். சபை சிரித்தது. ஆண்கள் சிரித்தார்கள், அதை நான் மன்னித்துவிடுவேன். அவர்களுக்குத் தெரியாது. பெண்களும் சிரித்தார்களே. சிரிக்காமல் இருந்தால் அடுத்த பார்வை தன்மேல் விழுந்துவிடும் என்று பயந்து சிரித்தார்களே. அந்தச் சிரிப்பைத்தான், சகோதரிகளே, என்னால் மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை, உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

சட்டப்படி எல்லாம் சரி. கேட்டார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். வளைவுக்குச் சபை நிறையக் கை. கழிப்பறைக்கு ஒரு கை. யாரைப் போய்க் குற்றம் சொல்வது? எந்தக் கதவைத் தட்டுவது? லஞ்சம் வாங்கியவன் இருந்தால் பிடித்துக் கொடுக்கலாம். ஏமாற்றியவன் இருந்தால் ஏசலாம். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வெட்கம் வாக்களித்தது, வளைவு வென்றது.

அண்ணாச்சியிடமிருந்து துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அண்ணாச்சி, நாங்கள் சுருக்கித்தான் வாழ்கிறோம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகம்மை அக்காவுக்குக் காய்ச்சல் வரும், போகும். அடிவயிறு எரியும், மாத்திரை போட்டால் அடங்கும். மிளகாய்ச் சூடு என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கால் வீங்கி மூச்சு முட்டியபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்தான் கூடப் போனேன். ஜிஷா என்று ஒரு சின்ன வயது டாக்டர். பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மச்சி, நிங்கள் வெள்ளம் குடிக்காறில்லே?"

தண்ணீர் குடிப்பதில்லையா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சர்க்கரையும் ஒரு காரணம்தான் என்றார் டாக்டர். ஆனால் இத்தனை வருஷம் தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி, நோய் தொற்றித் தொற்றி, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ்.

கேளுங்கள், பெரியோர்களே. இப்போது அக்கா தண்ணீர் குடிக்கலாமா? கூடாது. நாள் முழுவதற்கும் ஒரு சிறு பாத்திரத்தில் அளந்து வைத்து நாக்கை நனைத்துக்கொள்ளலாம். இப்போது அவருக்குக் கழிப்பறை வேண்டுமா? வேண்டாம். சிறுநீர் வருவதே நின்றுவிட்டது. யார் ஒருவர் தனக்கு வேண்டும் என்று இந்த ஊரறியக் கை தூக்கினாரோ, அவருக்கு மட்டும் இனி அது தேவையே இல்லை. ஒரு பெண்ணின் கோரிக்கையை இதைவிடச் சுருக்கமாகத் தீர்த்துவைக்க எந்தச் சபையாலும் முடியாது.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று பாராட்டுகிறீர்கள். நன்றாகப் பேசி என்ன ஆயிற்று இதுவரை?

இதோ, கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆட்டோவில் வந்திருக்கிறார். "நம்ம சந்துக்கு வளைவு திறக்காங்க, பாக்காண்டாமா?" என்று கேட்டு வந்தார். அவர் நாற்காலிக்கு அடியில் மட்டும் மோர் இல்லை. கொடுத்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கவுன்சிலர் அவர்களே, உங்கள் அனுமதியோடு அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்கிறேன். அதே சந்து, அதே முதலாளிகள், அதே பெண்கள். இந்தச் சந்தில் பெண்களுக்கு ஒரு மூத்திரப்புரை வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள்.

காத்திருக்கிறேன்.

யாரும் இல்லையா? பிச்சம்மாள், நீ? செல்லபாய், உன் மகளும் இந்தச் சந்துக்குத்தானே வேலைக்கு வருகிறாள்?

ஒரு கை தெரிகிறது. யார் அது? அக்கா, நீங்களா? இறக்குங்கள் அக்கா. அது ஊசி ஏறும் கை. அந்தக் கைக்கு அலுப்புக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார் இல்லையா? இறக்குங்கள். இந்த முறையும் நீங்கள்தானா? உங்களுக்கு வேண்டாததற்கும் நீங்களேதான் தூக்க வேண்டுமா?

செல்லபாய் தூக்குகிறாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி. பரவாயில்லை, முகத்தை மூடிக்கொள்ளுங்கள், கை தெரிந்தால் போதும். வரிசை வரிசையாக எழுகிறது. என் கையும் இதோ. முன்வரிசையில் யாரும் தூக்கவில்லை. தூக்க வேண்டாம். திரும்பிப் பார்த்தால் போதும்.

இத்தனை கைகளைப் பார்த்ததும் நான் மகிழ வேண்டும். மகிழ முடியவில்லை, தாய்மார்களே. ஏன் தெரியுமா? இது வார்டு சபை இல்லை. திறப்பு விழா. இன்று எண்ண ஆள் இல்லை, எழுத ஆள் இல்லை. கவுன்சிலர் என் காதருகே சொல்கிறார், "அடுத்த சபையில நோக்காம், டீச்சரே." அடுத்த சபையில் பார்க்கலாமாம். நான் டீச்சர் இல்லை, இருந்தாலும் அந்த வார்த்தையை நம்ப ஆசைப்படுகிறேன். அடுத்த சபை எப்போது? தேர்தல் வரும், முடியும், கவுன்சிலர் மாறுவார், கிட்டங்கி மூலையில் யாராவது மூட்டை அடுக்கிவிடுவார்கள். அன்றைக்கு இதே கைகள் உயருமா? மேடையில் நான் இல்லாமல், மைக் இல்லாமல், முதலாளி திரும்பிப் பார்க்கும்போது, எவராவது ஒருவர் கேலி பேசும்போது உயருமா? நல்ல வார்த்தை சொல்லத்தான் இந்த மேடையில் என்னை ஏற்றினார்கள். உயரும் என்ற சொல் மட்டும் என் வாயிலிருந்து வர மறுக்கிறது.

ஆகவே வாழ்த்துரையை முடிக்கிறேன். தலைமை தாங்கிய அண்ணாச்சிக்கும், திறந்துவைத்த கவுன்சிலருக்கும், பந்தல் போட்ட கைகளுக்கும், மோர் கலக்கிய கைகளுக்கும், தாமதமாக எழுந்த உங்கள் கைகளுக்கும், தனியாக எழுந்த அந்த ஒரு கைக்கும் என் நன்றி. நாற்காலிக்கு அடியிலிருக்கும் டம்ளரைத் தட்டிவிடாமல், பார்த்து எழுந்திருங்கள்.

எனக்கு முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பேசித் தொண்டை வறண்டுவிட்டது. ஆனாலும் மூடியை நான் திறக்கவில்லை. வீடு போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது. வணக்கம்.